இடம்: கொல்லிமலை

உலகத்தில் என் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் பூச்சி ஒன்று உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்படுகிற சமாசாரமாக இருந்திருந்தால், வாய் ஓயாத நான் இத்தனை வருடத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லித் தீர்த்திருப்பேன். என் கணவருக்கே இன்றுவரை தெரியாது.

அது ஒரு மரவட்டை. ரயில் மாதிரி நீளமாக ஊர்ந்து போகுமே, அந்தச் சாதாரண மரவட்டை இல்லை. இது குட்டை, தடி. முதுகில் ஓடு வேய்ந்தது போல வளையம் வளையமாகக் கவசம். தொட்டால் தலை, கால், மீசை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, ஊசி நுழைய இடமில்லாமல் உருண்டையாகிவிடும். சின்ன நெல்லிக்காய் அளவு. நாவல்கொட்டை நிறம். மலைக்காட்டில் மக்கிய இலைக்கு அடியில் இருக்கும். மழைக்காலத்தில்தான் மேலே வரும்.

என் அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, இந்த உருண்டைப் பூச்சிகளைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மழைக்கும் மலையேறி, இலைக்குப்பையைக் கிளறி, பிடித்து வந்து, எது எந்த இனம், எதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்து எழுதுவது அவளுடைய டாக்டர் பட்டத்துக்கான வேலை. கல்லூரி பாண்டிச்சேரியில் என்பதால் கதிர்காமத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தாள். “தங்கச்சி டாக்டருக்குப் படிக்குது” என்று அம்மா தெருவில் சொல்லிவைத்ததில், காய்ச்சல் தலைவலிக்கெல்லாம் ஆட்கள் மாடிப்படி ஏறினார்கள். “நான் பூச்சி டாக்டருங்க” என்று சித்தி கையெடுத்துக் கும்பிடுவாள். “அப்ப ஒரு பூச்சி மாத்திரையாவது குடும்மா, பையன் ராவெல்லாம் பல்ல கடிக்கிறான்” என்று ஒரு பெண்மணி நகராமல் நின்றது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மாடி அறைச் சுவர் முழுக்க மரத்தட்டு. தட்டு முழுக்க விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள். குப்பிக்கு மூடி அப்பாவின் உபயம். அப்பா தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், மருந்து பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கொழுந்தியாளுக்கு என்று நீலத்தில் ஒரு பை, வெள்ளையில் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார். கொல்லிமலையில் பிடித்ததற்கு நீல மூடி, கல்வராயன் மலையில் பிடித்ததற்கு வெள்ளை மூடி என்று சித்தி பிரித்துக்கொண்டாள்.

குப்பிக்குள் ஸ்பிரிட். ஸ்பிரிட்டில் ஒரு பூச்சி, பூச்சியோடு ஒரு சீட்டு. தடித்த காகிதத்தில் பென்சிலால் எழுதியிருக்கும். பேனா எழுத்து ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் நிற்கும். எந்த மலை, என்ன தேதி, எந்த மரத்தடி, யார் எடுத்தது. தூசி தட்ட வந்த அம்மா ஒருநாள் கேட்டாள், “சீட்ட வெளிய ஒட்டாம ஏன்டி உள்ள போட்டு ஊற வெக்கிற?”

“வெளிய ஒட்டுனா உதுந்துடும்க்கா. அப்புறம் அது எந்த ஊருன்னு யாரு சொல்றது? பூச்சி சொல்லுமா? அது செத்துப்போச்சு. சீட்டுதான் அதுக்கு வாய்.”

அப்போது நான் அந்த அறையில்தான் கட்டிலுக்குக் குறுக்கே படுத்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். காதில் விழவில்லை என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா உருண்டையும் ஒன்றுதான். இனம் பிரிக்க ஆண் பூச்சி வேண்டும். ஆணுக்குக் கடைசி இரண்டு ஜோடிக் கால்கள் நடக்க உதவாது. நண்டுக் கொடுக்கு போலத் தடித்திருக்கும். அதை வைத்து ஒருவிதமாக உரசிக் கிர்ரென்று சத்தம் போட்டுத்தான், உருண்டு கிடக்கிற பெண்ணைப் பிரிய வைக்குமாம். “இவன் கதவத் தட்டுவான், அவளுக்கு மனசிருந்தா தொறப்பா” என்று சித்தி சொல்ல, அம்மா, “உங்க மாமாவுக்கு இந்த நாசூக்கு கூடத் தெரியாது” என்றாள். அந்தக் கொடுக்கின் வளைவும் பல்லும்தான் இனத்துக்கு இனம் மாறும். அதைக் கழற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்து, பார்த்து, வரைந்து, அளந்து எழுத வேண்டும்.

அந்த வருடம் கொல்லிமலையிலிருந்து ஆண் பூச்சிகள் பன்னிரண்டு கிடைத்திருந்தன. கல்வராயன் மலையில், ஒரு ஓடைப்பள்ளத்தில், மூன்று நாள் மழையில் நனைந்து தேடி ஒரே ஒரு ஆண். தட்டில் பன்னிரண்டு நீல மூடிக்குப் பக்கத்தில் ஒற்றை வெள்ளை மூடி நிற்கும். சித்தி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதன் முறை இன்னும் வரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஈஸ்டர் முடிந்து மே மாதத்தில் எனக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குகிற சடங்கு. அதற்காக ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் தாழ்வாரத்தில் ஞானோபதேச வகுப்பு. அந்த வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா பிரான்ஸில். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவாள்: மணக்கிற அழிரப்பர், குலுக்கினால் பனி கொட்டுகிற கண்ணாடி உருண்டை. ஒருநாள் என்னைப் பார்த்து, “உங்க வூட்ல இன்னாதான்டி இருக்குது?” என்றாள்.

“எங்க சித்திகிட்ட உலகத்துல யாருமே பாக்காத பூச்சி இருக்குது.”

“புளுவாத.”

அடுத்த ஞாயிறு, சித்தி குளிக்கப் போன நேரத்தில், ஒரு நீல மூடியையும் அந்த ஒற்றை வெள்ளை மூடியையும் எடுத்துக் கவுன் பையில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டில் ஒன்று போனால் தெரியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்றில் ஒன்று போனால் தெரியும் என்றும் தெரிந்திருந்தது. ஆனாலும் வெள்ளை மூடியை எடுத்தேன். ஒன்றே ஒன்று இருப்பதைக் காட்டினால்தானே மதிப்பு.

தாழ்வாரத்து சிமென்ட் பெஞ்சில் குப்பிகளை வைத்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “இது பூச்சியா? நாவக்கொட்ட. துன்னுட்டுத் துப்புனத எடுத்துனு வந்துருக்கா.”

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் இரண்டு மூடியையும் திறந்து இரண்டையும் உள்ளங்கையில் கவிழ்த்தேன். சீட்டுகள் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே நின்றன. உருண்டைகள் மட்டும் வந்தன. பெஞ்சில் உருட்டிவிட்டேன். நன்றாக உருண்டன. கோலிக்குண்டு போல ஒன்றை ஒன்று இடித்தன. அவளுக்கே ஆசை வந்து, “நானு, நானு” என்று சுண்டினாள். இரண்டும் பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தன. அந்த நேரம் பார்த்து சிஸ்டர் கைதட்டிக்கொண்டு வந்தார்.

முட்டி போட்டு இரண்டையும் பொறுக்கினேன். எது எதன் உள்ளே? ஒன்று கொஞ்சம் பெரிதோ என்று பார்த்தேன், இல்லை. நிறம் பார்த்தேன், ஒன்றே. சிஸ்டரின் செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. இடது கையில் இருந்த குப்பியில் ஒன்று, வலது கையில் இருந்ததில் ஒன்று. அவ்வளவுதான். அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் சிலுவை போட்டுக்கொள்கிற நேரம்கூட இருக்காது.

ஸ்பிரிட் முக்கால்வாசி என் கவுனில் கொட்டியிருந்தது. குறைந்திருந்தால் சித்தி கண்டுபிடித்துவிடுவாள். கோயில் வாசலில், உள்ளே போகிறவர்கள் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்ளும் தீர்த்தத் தொட்டி இருந்தது. பேயை விரட்டுகிற தண்ணீர் ஒரு பூச்சியைக் காப்பாற்றாதா? இரண்டு குப்பியையும் அதில் முக்கி நிரப்பி, மூடி, பையில் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பாடம் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக.

“யாரு மேலம்மா ஆஸ்பத்திரி வாசன வருது?” என்றார் சிஸ்டர்.

“நான்தான் சிஸ்டர். ஊசி போட்டுனு வந்தேன்.”

“ஐயோ பாவம், இங்க வா கண்ணு” என்று என்னை ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார். உடம்பு சரியில்லாமலும் வகுப்புக்கு வந்ததற்காக எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அந்தப் பிரான்ஸ்காரியும் தட்டினாள்.

பத்து நாள் கழித்து, மத்தியான நேரத்தில், மாடியிலிருந்து சித்தி கத்தினாள். “அக்கா! சீக்கிரம் மேல வா!” விழுந்துவிட்டாள் என்று நினைத்து அம்மா கரண்டியோடு ஓடினாள். பின்னால் நான்.

“இதுல பாருக்கா. கடைசிக் காலு.”

அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். “எனக்கு நண்டுக் கொடுக்கு மாதிரி இன்னாமோ தெரியுது.”

“அதான்க்கா! வளஞ்சிருக்கா? கொக்கி மாதிரி? உள்பக்கம் ரெண்டு பல்லு இருக்கா? இது கொல்லிமல. மீதி பதினொன்னுக்கும் கொடுக்கு நேரா இருக்குது, பல்லே கெடையாது. இவன் ஒருத்தன் மட்டும் வேற. இவன் வேற இனம்க்கா!”

“அப்ப அந்த வெள்ள மூடி? கல்வராயன் மலையிலருந்து நனஞ்சி நனஞ்சி எடுத்துனு வந்தியே?”

“அது சப்புன்னு போச்சு. கொல்லிமலைல இருக்கற அதே நேர்க்கொடுக்குதான்.”

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. கொக்கிக் கொடுக்கு, வெள்ளை மூடிக்குள் இருக்க வேண்டியது. இப்போது கொல்லிமலைச் சீட்டோடு இருக்கிறது. வாயைத் திறந்தால் போதும். சித்தி என்னை இழுத்து மடியில் உட்கார வைத்து, “நீயும் பாருடி” என்று கண்ணாடியில் என் கண்ணைப் பொருத்தினாள். நான் பார்த்தேன். “நல்லாருக்கு சித்தி” என்றேன்.

சந்தோஷம் அடங்கியதும் இன்னொன்றையும் கவனித்தாள். அந்த இரண்டு பூச்சி மட்டும் கொழகொழவென்று இருந்தன. பிரிக்கும்போதே கால் ஒன்று கழன்று வந்துவிட்டது. முகர்ந்து பார்த்தாள். ஸ்பிரிட் வாசனையே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பாவிடம், கோபமில்லாமல்தான் கேட்டாள்: “மாமா, மூடி சிலது லூசா இருக்குமா? ஸ்பிரிட் ஆவியாப் போயி வெறும் தண்ணி நிக்குது.”

அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “என் மூடியா?” என்றார்.

அன்றே பத்துக் குப்பியில் ஸ்பிரிட் நிரப்பி, மூடி போட்டு, தலைகீழாக டி.வி. மேலே செய்தித்தாளில் அடுக்கினார். ஒரு வாரம் அப்படியே நின்றது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தாளைத் தூக்கிக் காட்டினார். “ஒரு சொட்டு? ஒரு சொட்டு கறை காட்டு. மருந்து கம்பெனிக்காரன் பத்து வருசமா வாங்கறான், அவனுக்கு ஒழுவல.” சித்தி கடைவீதியில் ரப்பர் அடைப்பான் வாங்கி வந்து எல்லாக் குப்பிக்கும் மாற்றினாள். கழற்றிய நீலமும் வெள்ளையுமான மூடிகளை ஒரு கவரில் போட்டு மாடிப்படியில் வைத்திருந்தாள். அப்பா அந்தக் கவரைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டார். இரண்டு வாரம் இருவரும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். “உன் தங்கச்சிக்குக் கொழம்பு ஊத்து.” “மாமாவ சாப்டச் சொல்லுக்கா.” ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு.

நான் நடுவில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

புது இனம் என்று சொல்வதற்கு முன், பழைய காலத்தில் யாராவது அதை எழுதிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். பழைய வர்ணனை ஒன்று பிரெஞ்சில் இருந்தது. அதற்குப் பெரியப்பாவை அழைத்தார்கள். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, நாலு வரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இவன் இன்னாம்மா, பூச்சியப் பத்தி எழுதுனானா, பொண்ணு பாத்துட்டு வந்து எழுதுனானா? முதுகு மினுமினுப்புங்கறான், நெத்தி அகலம்ங்கறான்...”

“கடைசிக் காலுக்கு வாங்க மாமா.”

“வரேன், வரேன். த்ருவான்னு போட்டிருக்கான். நேரா இருக்குதாம். பல்லு... பல்லு இல்லையாம்.”

சித்தி மேசையைத் தட்டினாள். “அப்ப இது புதுசு!”

“புதுசுன்னா பேரு வெக்கணுமே?” என்று பெரியப்பா என்னைப் பார்த்தார். “வூட்ல புதுநன்மைக்கு ஒரு பொண்ணு நிக்குது. நான் கவுன் எடுத்துக் குடுக்கறேன், உங்கப்பன் கத்தோ வெட்டப்போறான். சித்தி இன்னா குடுக்கப் போறா?”

கத்தோ என்பது எங்கள் வீட்டில் கேக்குக்குப் பெயர். அப்பா முதல்முறையாகச் சித்தியின் முகம் பார்த்துச் சிரித்தார். சித்தியும் சிரித்தாள். அவர்களுடைய சண்டை என் பெயரில் தீர்ந்தது. “குடுத்துட்டேன்” என்றாள் சித்தி. “முன்னாடி அதோட குடும்பப் பேரு, பின்னாடி உன் பேரு. நீயும் நானும் செத்தப்புறமும் இருக்கும்டி இது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. வெட்கப்படுகிறேன் என்று அம்மா சொன்னாள். அதுவும் சரிதான்.

புதுநன்மைக்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் ஒரு பாவத்தையும் மறைக்கக் கூடாது. மறைத்துவிட்டு நன்மை வாங்கினால் அது தனிப் பாவம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போய் மரத் தடுப்புக்கு முன் முட்டி போட்டேன். சர்க்கரை திருடினது. அம்மாவை எதிர்த்துப் பேசினது. சிஸ்டரிடம் ஊசி என்று பொய் சொன்னது. பிறகு நிறுத்திவிட்டேன்.

“இன்னும் இருக்காம்மா?” என்றார் சாமியார்.

“ஒரு பூச்சிய மாத்தி வெச்சிட்டேன் சாமி.”

சாமியார் தடுப்புக்குக் கிட்டே குனிந்தார். “உசுரோட இருந்துச்சா?”

“இல்ல சாமி. செத்த பூச்சி. எங்க சித்தி படிப்புக்கு வெச்சிருந்தது.”

“சித்திக்குத் தெரியுமா?”

“தெரியாது சாமி.”

“சரி. மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு. சொல்லிட்டு வீட்டுக்குப் போயி சித்திகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடு. அவ்ளோதான். அழாத.”

வெளியே வந்து மாதா பீடத்துக்கு முன் முட்டி போட்டேன். மூன்றும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நினைத்தேன். அதைச் சொன்னால் சித்தி மறுபடியும் அக்கா என்று கத்துவாள், வேறு மாதிரி கத்துவாள். கவுன் தைத்து வந்துவிட்டது. கத்தோவுக்குச் சொல்லியாகிவிட்டது. பெயர் வைத்தாகிவிட்டது. சாமியார் கொடுத்த அபராதம் இரண்டு பங்கு. ஒரு பங்கை இன்னொன்றால் ஈடு கட்டினால் கடவுள் வேண்டாம் என்றா சொல்லிவிடுவார்? நான் மறுபடியும் ஆரம்பித்தேன். விரல் விட்டு எண்ணி முப்பது சொன்னேன். முட்டி சிவந்து தடித்துவிட்டது. மூன்று கேட்டவருக்கு முப்பது கொடுத்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வெள்ளைக் கவுனில், தலையில் பூ வளையத்தோடு, கையில் மெழுகுத்திரியோடு எடுத்த படம் இன்றும் அம்மா வீட்டு ஹாலில் தொங்குகிறது. பக்கத்தில் சித்தி. அவ்வளவு அழகாக அவள் சிரித்த வேறு படம் கிடையாது.

பிறகு மழைக்காலம் வந்தது.

சித்தியின் பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றைப் பூச்சியை வைத்துக்கொண்டு புது இனம் என்றால் எப்படி, அதுவும் ஊறிப்போன பூச்சி. பிறவிக் கோணலாக இருந்தால்? இன்னும் ஒரு ஆண் வேண்டும், ஒரு பெண் வேண்டும், போய்த் தேடு என்றார். சித்தி கொல்லிமலைக்குப் போனாள். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் வாந்தி எடுப்பாள். பத்து நாள் கழித்துக் காலெல்லாம் அட்டைக்கடியோடு வந்தாள். கிடைக்கவில்லை. அடுத்த மழைக்கும் போனாள். அதற்கடுத்த மழைக்கும் போனாள். அந்தத் தடவை காய்ச்சலோடு வந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தாள். வந்த இரண்டு வரனையும் “படிப்ப முடிச்சிடறேன்க்கா” என்று தள்ளிப்போட்டாள்.

ஒவ்வொரு தடவையும் பையை இறக்கி வைத்ததும் என்னிடம்தான் முதலில் சொல்வாள். ஏதோ என் சொத்தைத் தொலைத்துவிட்டவள் மாதிரி.

“உன் பேர்க்காரனுக்கு ஒரு பொண்ணு தேடறேன்டி. எந்தக் கல்லப் பொரட்டுனாலும் இல்ல. மன்னிச்சுக்கடி.”

மன்னிச்சுக்கடி என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கு முந்தின இரவுகளில் நான் சொன்ன ஜெபங்களின் எண்ணிக்கை இப்போது எனக்கே ஞாபகமில்லை. நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு பூச்சியின் கதை; மூன்றாவது மழைக்குப் பிறகு சொன்னால் மூன்று வருடத்தின் கதை.

கடைசியில் அந்த ஒற்றைப் பூச்சியை வைத்தே, படம் வரைந்து, வர்ணித்து, சித்தி எழுதி வெளியிட்டாள். பட்டம் இரண்டு வருடம் தாமதமாக வந்தது. எனக்கு ஒரு பிரதி கொடுத்தாள். என் பெயர் சாய்ந்த எழுத்தில் இருந்தது. கீழே, இடம்: கொல்லிமலை.

பத்தொன்பது வயதில்தான் சொன்னேன். அப்போது சித்தி வேறு ஊரில் ஆசிரியை. லீவில் வந்திருந்தாள். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே, “வர்ற ஐப்பசிக்கு என் ஸ்டூடண்ட் ஒருத்திய கொல்லிமலைக்கு அனுப்பறேன். என் கண்ணுக்கு மாட்டல, அவ கண்ணுக்காவது மாட்டுதான்னு பாப்போம்” என்றாள். யாரோ பெற்ற ஒரு பெண் அந்த எழுபது வளைவில் போவதை நினைத்தேனோ, இல்லை, இனி தாங்காது என்றுதானோ, சொல்லிவிட்டேன். பெஞ்சு, கோலி, தீர்த்தத் தொட்டி, எல்லாம்.

திட்டுவாள், அடிப்பாள், அழுவாள் என்று ஒன்பது வருடமாக ஒத்திகை பார்த்திருந்தேன். சித்தி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி.

“பெஞ்சுக்கு அடியில போனப்ப எது எந்தப் பக்கம் போச்சு? எது எந்தக் கையில இருந்துச்சு? நல்லா யோசிச்சு சொல்லு.”

யோசித்தேன். அந்தப் பிரான்ஸ்காரியின் செருப்பு நிறம் ஞாபகம் இருந்தது. சிஸ்டரின் கைக்கடிகாரம் ஞாபகம் இருந்தது. இது இல்லை. “தெரியல சித்தி. மாறித்தான் இருக்கணும்.”

“இருக்கணும்னு எழுத முடியாதுடி” என்றாள் மெதுவாக.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா வாசலில் வந்து நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார். ரிட்டயராகி இரண்டு வருடமாகியிருந்தது. “அப்ப மூடி ஒழுவல” என்றார். பரீட்சை முடிவு பார்த்த பையன் மாதிரி முகம். “நான் மூடி அச்சப் பிரிச்சுப் போட்டு மூணு தடவ பாத்தேன். ஃபிட்டர் பையனக் கண்டபடி பேசிட்டேன்” என்றார். சித்தி அவரைப் பார்த்து, “இல்ல மாமா. ஒழுவல” என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

மறுநாளே கல்வராயன் மலைக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். இரண்டு நாளில் திரும்பினாள். அந்த ஓடைப்பள்ளம் நாலு வருடத்துக்கு முன் சமன் செய்யப்பட்டு மரவள்ளிக்காடாகிவிட்டதாம். நிழல் இல்லை, இலைக்குப்பை இல்லை. சுற்றுவட்டாரத்தில் தேடியும் கிடைக்கவில்லையாம். நாலு வருடத்துக்கு முன் என்றால் எனக்குப் பதினைந்து வயது. அதற்கு முன் மூன்று மழை, அவள் வேறொரு மலையில் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த மூன்று மழை, அந்தப் பூச்சி அங்கே இருந்திருக்கும்.

சித்தி ஒரு திருத்தம் எழுதி அச்சேற்றினாள். யார் செய்தது என்று எழுதவில்லை. குப்பிகள் மாறியிருக்கக்கூடும், சரிபார்க்க வழியில்லை என்று மட்டும். இப்போது அந்த உருண்டைப் பூச்சிகளின் பட்டியலில் என் பெயருக்கு நேரே இடம் என்ற கட்டத்தில் கொல்லிமலை இல்லை, கல்வராயன் மலையும் இல்லை. ஐயத்துக்குரியது என்று போட்டிருக்கிறது.

சாமியார் சொல்லச் சொன்ன ஒரு வார்த்தை எனக்குக் கொடுத்த தண்டனை என்றுதான் அந்தப் பத்து வயதுப் பெண் நினைத்தாள். தண்டனைதானே, அதிகமாக ஜெபம் சொன்னால் கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, முட்டி சிவக்க மண்டியிட்டிருந்தாள். அது பென்சிலில் எழுதிக் குப்பிக்குள் போட வேண்டிய சீட்டு என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவளைத் தவிர அதை எழுத அந்த ஊரில் வேறு ஆள் இல்லை.